இடது தோளுக்கு மேலே

இருபத்தொரு பேர் நின்ற படத்தில் இருபது பேர் லென்ஸைப் பார்த்திருந்தார்கள். மீன்காரி கன்னியம்மா மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெவலப்பர் தட்டில் மிதந்த காகிதத்தை இடுக்கியால் ஆட்டியபடியே மாணிக்கவேல் குனிந்து பார்த்தான். ஒரு காலத்தில் விறகும் வறட்டியும் அடைந்து கிடந்த பின்னறை அது. ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்து, கதவிடுக்கில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, நடுப்பகலிலும் ஒரு பொட்டு வெயில் நுழையாதபடி அவனே செய்துகொண்ட டார்க் ரூம். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடையும் முன்னறையில் காய்ந்துகொண்டிருந்த மோட்டார் வார்னிஷின் காட்டமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்க, சிவப்பு பல்பின் மங்கலில் முகங்கள் ஒவ்வொன்றாகக் காகிதத்திலிருந்து கிளம்பி வந்தன. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் அந்தோணிசாமி என்பவர் வீட்டில், பெண் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கு நடந்த புதுநன்மை விருந்து. வெள்ளைக் கவுன் போட்ட பெண், அவளைச் சுற்றி பிரியாணி தின்ற களைப்போடு உறவுக்கூட்டம். அந்த வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் கன்னியம்மாவையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவள்தான் லென்ஸை விட்டுவிட்டு, மாணிக்கவேலின் இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்திருந்தாள்.

"கூடையைத் தூக்கினா கூடையப் பாக்கணும், காமிராவைத் தூக்கினா காமிராவப் பாக்கணும். இதுகூடத் தெரியாத ஜென்மம்" என்று முனகிக்கொண்டே அவன் காகிதத்தை எடுத்து ஹைப்போவில் போட்டான்.

ஆனால் படத்தைக் கயிற்றில் தொங்கவிட்ட பிறகும் அவன் கண் அங்கேயே போயிற்று. மற்ற இருபது மூஞ்சிகளும் அவனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மூஞ்சிகள்தான்: விறைத்தவை, இளித்தவை, மூச்சைப் பிடித்து உப்பியவை. அவள் முகம் மட்டும் அப்படி இல்லை. ரொம்ப நாள் கழித்து வீடு திரும்பிய ஒருவரை வாசலில் கண்டவள் மாதிரி இருந்தாள்.

மாணிக்கவேலுக்கு மோட்டார் காயில் கட்டுவது தொழில். முடிச்சூர் ரோட்டில் வீடு, வீட்டின் முன்னறையே கடை. எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, சுற்று பிசகாமல் புதுக் கம்பி சுற்றித் தருவதில் தாம்பரம் வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பேர். அதெல்லாம் வயிற்றுக்கு. உயிரை அவன் வைத்திருந்தது பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் காமிராவில். ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவான். காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம், ஞானஸ்நானம், யார் கூப்பிட்டாலும் சரி. ஃபிலிம், காகிதச் செலவு கொடுத்தால் போதும் என்று அவன் சொல்லிவிடுவதால் கூப்பிடுவதற்கு ஆட்களுக்கும் குறைவில்லை.

அவர்கள் மேல் பிரியத்தால் அவன் போகவில்லை. மோட்டார்கள் மேல் அவனுக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட மனித முகங்கள் மேல் கிடையாது. எரிந்த மோட்டார் தன் குறையை ஒளிக்காது; மூக்கருகே கொண்டுபோனால் சொல்லிவிடும். மூஞ்சிகள் அப்படியா? காமிராவைக் கண்டதும் பவுடரை அப்பிக்கொண்டு, வயிற்றை எக்கி, இல்லாத பெருமையை வரவழைத்துக்கொண்டு நிற்கும். நூறு முகங்களில் ஒன்று தேறினால் அதிகம் என்பான். அந்த ஒன்றுக்காகத்தான் மீதித் தொண்ணூற்றொன்பதையும் சகித்துக்கொள்வது. யாரிடமும் சிரி என்று அவன் சொன்னதே இல்லை. "அசையாதே" என்பான். அவ்வளவுதான்.

அந்தப் புதுநன்மை விருந்து நடந்தது எண்பத்தெட்டு மே மாதம். ஜூனில் பெருங்களத்தூரில் கோபு என்ற குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு அவர் ஆபீஸ்காரர்கள் வைத்த விழாவுக்குப் போனான். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரன் ஒலி இடைவிடாமல் கேட்கும் ஒரு மாடிக் கூடத்தில், சாமந்தி மாலையும் கைக்கடிகாரமுமாக நின்ற கோபுவைச் சுற்றி முப்பது பேர். பிரின்ட் போட்டபோது மூன்று பேர் லென்ஸைப் பார்க்கவில்லை. மூவரும் ஒரே இடத்தைப் பார்த்திருந்தார்கள். இடது தோளுக்கு மேலே. மூவர் முகத்திலும் அதே சிரிப்பு.

ஆவணியில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாணம். மேடையில் சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முகமாக, கோழிக்குஞ்சு எண்ணுவதுபோல எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அமுக்கினான். எல்லாக் கண்ணும் தன்மேல்தான் என்று சத்தியம் செய்திருப்பான். காகிதத்தில் பாதிப் பேர், பதினேழு பேர், அவனைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் முதன்முதலாக டார்க் ரூமுக்குள் அவனுக்கு வியர்த்தது.

அவன் வைத்திருந்த மாதிரிக் காமிராவில் ஒரு சங்கதி உண்டு. எடுப்பவன் லென்ஸ் வழியாகவே பார்க்கிறான். உள்ளே சாய்ந்திருக்கும் ஒரு சிறு கண்ணாடி காட்சியை அவன் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அமுக்கியதும் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி ஃபிலிமுக்கு வழிவிடும். அந்தக் கணத்தில் அவனுக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்குள் ஓர் இருட்டு வந்து போகும். அறுபதில் ஒரு பங்கு நொடி. ஃபிலிம் பார்ப்பதை மட்டும் அவன் பார்க்கவே முடியாது.

ஒன்பது வருஷத்தில் அதைப் பற்றி ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். அறுபதில் ஒரு பங்கு நொடியில் பதினேழு பேர் சேர்ந்து கண்ணைத் திருப்பி, யாரையோ அடையாளம் கண்டு, மனம் நெகிழ்ந்து சிரித்துவிட முடியுமா?

மறுநாள் அவன் அந்தப் படத்தைப் பெரிய காகிதத்தில் போட்டு, பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். இடக்கோடியில் நின்றவர் பார்வை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வலக்கோடியில் நின்றவர் பார்வை எவ்வளவு, நின்ற தூரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டான். எல்லாக் கோடும் ஓர் இடத்தில் வந்து கூடின. அவனுக்கு ஆறடி பின்னால், இரண்டடி இடப்பக்கம், அவனைவிட ஒரு சாண் உயரத்தில். ஒருவரின் கண்மணியை மட்டும் என்லார்ஜரில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, அதில் எதிரொளி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். வெறும் மணல்தான் தெரிந்தது. பெரிதாக்கினால் ஃபிலிமில் தெரியும் கறுப்புப் புள்ளி மணல்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மா வழக்கம்போல அவன் தெருவுக்கு வந்தாள். கோவளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, ஒன்பது மணிக்குள் கூடையைக் காலி செய்துவிடுபவள். மாணிக்கவேல் மீன் கேட்காமல், அவள் நின்ற புதுநன்மைப் படத்தைக் காட்டி, அன்றைக்கு யாரைப் பார்த்தாய் என்று கேட்டான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னா சார் இப்பிடி கேக்கற. உன்னத்தான் பாத்தேன்."

"என்னைப் பாத்தா கண்ணு நேரா இருக்கணும்ல?"

"நீதானே சார் கூப்ட்ட. தங்கம், இங்க பாரு, சிரிம்மான்னு. எங்க வூட்டுக்காரன் கடலோட போனதுலேர்ந்து என்னை யாரும் அப்பிடி கூப்ட்டதில்ல."

மாணிக்கவேல் தன் வாழ்நாளில் யாரையும் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. மீன்காரியைக் கூப்பிடுவதாவது. சிரிப்புக்கூட வந்தது அவனுக்கு. கிழவிக்குக் காது அடைத்துவிட்டது, அல்லது பிரியாணியோடு யாரோ வேறெதையோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் அவனைத் திரும்பிப் பார்த்து, அன்னைக்குப் பேசின குரல் இது இல்லையே சார் என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த லாசரஸிடம்தான் அவன் ஃபிலிமும் மருந்தும் வாங்குவது. இருபது வருஷத் தோழன். லாசரஸ் சிங்கப்பெருமாள் கோவில் படங்களைக் கவுன்டரில் பரப்பி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்து முடித்ததும் அவன் குரலில் பொறாமை இருந்தது.

"மச்சான், இவ்ளோ நாளா நீ எடுத்ததெல்லாம் வெறும் மூஞ்சி. இதுதான் போட்டோ. பக்கத்துல யாரை நிக்க வச்சே?"

"யாரையும் வைக்கல."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு. ஆளு யாரா இருந்தாலும் கில்லாடி. ஒருத்தன் விடாம உருகிப்போயிருக்காங்க."

உருகிப்போயிருக்கிறார்கள். அந்தச் சொல் மாணிக்கவேலை வழியெல்லாம் குத்திற்று. பயத்தைவிட முதலில் வந்தது எரிச்சல்தான். ஒன்பது வருஷமாக இந்த அற்பங்கள் அவனுக்கு ஒரு நல்ல முகம் காட்டியதில்லை. பிளாஸ்டர் பொம்மை மாதிரி நின்றார்கள். அவன் பின்னால் நிற்பது எதுவோ, அதற்கு மட்டும் அள்ளிக் கொடுக்கிறார்கள்.

ஐப்பசியில் சேலையூரில் ஒரு நிச்சயதார்த்தம். புதுச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. வேண்டுமென்றே அவன் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். சட்டை வழியாகச் சுவரின் குளிர்ச்சி முதுகெலும்பு முழுதும் படும்படி, எறும்புகூட நடுவே புக முடியாதபடி. இப்போது எங்கே நிற்பாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டான். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள், தாம்பாளத்தில் வெற்றிலையும் வாழைப்பழமும், சந்தன வாசனை, எங்கோ மேலே விமானப்படை விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. மூச்சை நன்றாக அடக்கிக்கொண்டு பட்டனை அமுக்கினான். இருட்டு வந்து போயிற்று.

இடது காதுக்குப் பக்கத்தில் கதகதப்பாக இருந்தது.

காமிராவை இறக்கினான். எல்லோரும் அவனையே பார்த்து, அழுகைக்குப் பிந்திய முகம் மாதிரி ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தாயார், சார் மாதிரி ஒருத்தர் எடுத்தாத்தான் மனசு நிறையுது என்றாள். அவன் காமிராவைத் திருப்பிப் பார்த்தான். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழி பனித்திருந்தது. அவன் மூச்சை அடக்கியிருந்தான். அப்போதும் அடக்கித்தான் இருந்தான். பனி மெல்ல விலகியது.

அந்தப் படத்தில் பார்வைகள் நெருங்கியிருந்தன. லென்ஸுக்கு இடப்பக்கம் நான்கு விரற்கடை தூரம். அவன் கன்னம் இருந்திருக்க வேண்டிய இடம்.

சுவரில் சாய்ந்திருந்த அவனுக்கும் காமிராவுக்கும் நடுவே கன்னத்தோடு கன்னம் வைத்து ஒன்று குனிந்திருக்கிறது. அவன் பார்க்கும் ஓட்டை வழியாகவே அதுவும் பார்த்திருக்கிறது. இதை நினைத்ததும் அவன் கன்னத்தைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினான்.

இரண்டு மாதம் காமிராவைத் தொடவில்லை. காயில் மட்டும் கட்டினான். சுற்றுகளை வாய்விட்டு எண்ணினான். அப்படியும் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இதுவரை கண்டிராத அன்போடு வந்தார்கள். கோபு தன் பேரனின் காதுகுத்துக்கு அவன்தான் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடியை உதறுவதற்கு அவனுக்குத் தெரியவில்லை. தை பிறந்த முதல் முகூர்த்தத்தில் போனான்.

படம் போட்டுப் பார்த்தபோது எல்லோரும் லென்ஸையே பார்த்திருந்தார்கள். நாற்பது பேர். ஒரு பார்வை பிசகவில்லை. ஒவ்வொரு முகமும் தேறிய முகம். நூறில் ஒன்று என்று அவன் ஒன்பது வருஷமாகத் தேடிய முகங்கள் நாற்பது ஒரே படத்தில் நின்றன.

போய்விட்டது என்று நினைத்தான். முதுகு லேசாகி, நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் புரிந்தது. போகவில்லை. ஆறடி, அப்புறம் கன்னம், அப்புறம் இங்கே. அவன் நின்ற இடத்துக்கே அது வந்து சேர்ந்துவிட்டது.

மாணிக்கவேலின் மனைவி ரேணுகாம்பாள். கல்யாணமான புதிதில், லாசரஸிடம் இரவல் வாங்கிய காமிராவில் அவளை ஒரு படம் எடுத்து, பிரின்ட்டைப் பார்த்துவிட்டு, உன் மூஞ்சியில வெளிச்சமே நிக்க மாட்டேங்குது, உனக்குப் போட்ட ஃபிலிம் தண்டம் என்று சொன்னான். அதன்பிறகு பதினாறு வருஷம் அவன் காமிராவைத் தூக்கினால் அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அவனும் கூப்பிட்டதில்லை. குழந்தை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. சோறு, மோட்டார், மின்வெட்டு, தண்ணீர் லாரி. அவ்வளவுதான் அவர்கள் பேசுவது.

காதுகுத்துப் படம் போட்டதற்கு மறுநாள் அவளைக் கூப்பிட்டு ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரச் சொன்னான். சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தாள். பதினாறு வருஷமாக அவனை வெறுப்பதற்கு அவளுக்கு முழு நியாயம் இருந்தது. இந்த ஒருத்தியாவது அதற்கு ஏமாற மாட்டாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அசையாதே என்றான். அமுக்கினான்.

இருட்டு வந்து போனதும் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்குப் பதினாறு வருஷம் ஆச்சா?"

"என்ன சொன்னேன்?"

அவள் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். "திரும்பவும் சொல்ல வைக்கப் பாக்கறீங்களாக்கும்."

அவன் ஃபிலிமைக் கழற்றிக்கொண்டு காமிராவை ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். அவள் அன்றைக்கு அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள்; பரிமாறும்போது பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாடி அவன் கேட்டதில்லை. படத்தில் அவள் நேராக லென்ஸைப் பார்த்திருந்தாள். அந்த முகத்தில் வெளிச்சம் நின்றது. எவ்வளவு அழகான பெண்ணோடு பதினாறு வருஷம் இருந்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பார்வை அவனுக்கானதல்ல.

மறுநாள் மத்தியானம் அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு படம் எடுங்களேன் என்றாள். அதற்கு மறுநாளும். அவன் முடியாது என்றதும் அவள் முகத்தில் அந்தப் பழைய அலுப்பு வந்து படிந்தது. அவன் யாரோ ஒரு மூன்றாம் ஆள் என்பதுபோலப் பார்த்தாள்.

நான்காம் நாள் இரும்புலியூரில் ஒரு பம்ப்செட்டைப் பார்த்துவிட்டு மூன்று மணி வெயிலில் வீடு திரும்பினான். கதவு திறந்தே இருந்தது. ரேணு என்று கூப்பிட்டான். உள்ளறையில் பீரோவின் எதிரே அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டிய இரும்புக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது தலையை ஆட்டினாள். யாரோ சொல்வதற்கு ம் கொட்டுவதுபோல.

அவன் தோளைத் தொட்டான். அவள் திரும்பவில்லை. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன், போட்டுக்கோங்க" என்றாள். குரலில் எந்தப் பிரியமும் இல்லை.

காமிராவைப் பீர்க்கன்கரணை ஏரியில் வீசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். பையில் போட்டு வாசல் வரை கொண்டுபோகவும் செய்தான். அங்கே நின்றுவிட்டான். வீம்பு. ஊரிலுள்ள மூஞ்சியை எல்லாம் பார்த்து, எடைபோட்டு, துப்பித் தள்ளியவன் அவன். கண்டவளைத் தங்கம் என்று கூப்பிட்டு, அழுமூஞ்சிகளைக் கொஞ்சி, தன் பெண்டாட்டியையே மயக்கி வைத்திருக்கும் இதன் மூஞ்சியை ஒருமுறை பார்க்காமல் விடுவதா? அதுவும் ஒரு மூஞ்சிதானே. எல்லா மூஞ்சியையும் போல அதிலும் ஒரு அசட்டுத்தனம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

காமிராவில் தானாக எடுக்கும் வசதி இருந்தது. நெம்புகோலைத் திருகிவிட்டால் பத்து நொடி கழித்து அதுவே சொடுக்கிக்கொள்ளும். ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தினான். காமிராவுக்குப் பின்னால் வெறும் சுவர், அதில் ஒரு காலண்டர். ரேணுவை ஸ்டூலில் உட்கார வைத்தான். அவள் சந்தோஷமாக ஓடிவந்து உட்கார்ந்தாள். நெம்புகோலைத் திருகிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். இந்த முறை அவன் கண்ணை மறைக்கக் கண்ணாடி எதுவும் இல்லை. இருட்டு வந்து போகாது. வருவது எதுவானாலும் எதிரேதான் வரவேண்டும்.

காமிரா கறகறவென்று ஓடியது. இமைக்காமல் பார்த்தான். ஸ்டாண்டு. சுவர். காலண்டர் தாள் காற்றில் லேசாக ஆடியது. தெருவில் ஐஸ்காரன் மணி. கறகற. கண் எரிந்தது. இமைக்கவில்லை. சுவர். காலண்டர்.

சொடுக்.

ஒன்றும் வரவில்லை. சுவரும் காலண்டரும்தான். பக்கத்தில் ரேணு விசும்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில்.

அவன் ஃபிலிமை எடுத்துக்கொண்டு டார்க் ரூமுக்குள் போய் உள்ளே தாழிட்டான். கழுவி, உலர்த்தி, என்லார்ஜரில் மாட்டும்வரை கை நடுங்கவே இல்லை. அவனுக்கே அது பெருமையாக இருந்தது. காகிதத்தை டெவலப்பரில் நழுவவிட்டான். இடுக்கியைக் காணவில்லை. விரல்களாலேயே அமுக்கினான். மருந்து சில்லென்றிருந்தது. வெளியே ரேணு பாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் சுவரின் நிழல் வந்தது. பிறகு ஸ்டூல். ரேணுவின் புடவைக் கரை. அவள் கண்கள். நேராக லென்ஸைப் பார்த்தன. அவள் பக்கத்தில் ஓர் உருவம் சாம்பலாகக் கிளம்பியது. சட்டை. கழுத்து. மோவாய்.

பற்கள்.

அவன் குனிந்தான். அது அவன்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கேலி செய்த அத்தனை இளிப்புகளையும்விட அகலமாக, ஈறு தெரிய, கன்னம் இரண்டும் கண்ணீரால் பளபளக்க, லென்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. தூக்கச் சொல்லும் குழந்தையின் கைகள்.

அவன் அதைப் பார்த்திருக்கிறான்.

ஞாபகத்தில் சுவர் இருந்தது. காலண்டர் இருந்தது. வேறெதுவும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. ஆனால் அவன் அதைப் பார்த்திருக்கிறான். பார்த்துச் சிரித்திருக்கிறான். கையை நீட்டியிருக்கிறான்.

வெளியே பாட்டு நின்றது.

இடது காதுக்குப் பக்கத்தில் கதகதப்பு. மூச்சு இல்லை. வெறும் கதகதப்பு. மிக அருகில்.

திரும்பக் கூடாது. பல்லைக் கடித்தான். தாடை வலித்தது. கன்னத்தின் தோல் தானாக மேலே இழுபட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்தான், ரத்தம் கரித்தது. உதடு பற்களிலிருந்து நழுவி விரிந்தது. கண் நிறைந்து வழிந்தது. துக்கமில்லை. பயம்கூட இப்போது தூரத்தில் எங்கோ.

தங்கம், என்றது.

சிவப்பு வெளிச்சத்தில், டெவலப்பர் சொட்டச் சொட்ட, அவனுடைய இரண்டு கைகளும் தட்டிலிருந்து மெல்ல எழுந்தன.